கேஷ் நிரம்பித்தான் இருக்கும்

பெரியம்மா கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறார். தீபாவளிக்கு இரண்டரை வாரம் இருக்கும்போது, 2024 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்குப் போன் பண்ணினார். "ஐயா, உங்க கடையில முறுக்கு அச்சு, ரெண்டு பித்தளை விளக்கு, மூணு கிலோ முறுக்கு மாவு எல்லாம் கூடையில போட்டு வச்சேன். சோறு வடிச்சிட்டு வந்து பாக்கிறேன், ஒண்ணையும் காணோம். நேத்தும் இப்படித்தான். மூணு வாட்டி ஆச்சு லா." 'உங்க கடை' என்று அவர் சொன்னது நான் வேலை பார்க்கும் இடத்தை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து, கிள்ளான் பள்ளத்தாக்கின் சின்னச் சின்ன இந்தியக் கடைகளுக்கு இணைய விற்பனையை நடத்திக்கொடுக்கிறோம். நான் அப்போது வாழை இலைச் சாப்பாட்டில் கை வைத்திருந்தேன். இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு, "போன்ல கேஷ் நிறைஞ்சிருக்கும் பெரியம்மா, அழிச்சிட்டுப் பாருங்க" என்றேன். கேஷ் என்பது அடிக்கடி தேவைப்படுவதைச் சட்டென்று எடுக்க ஒதுக்கி வைக்கும் தற்காலிக நகல். எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்றும் பொறுமையாகச் சொன்னேன். அந்தப் பொறுமையை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது. அவர் அழித்தார், மறுபடி போட்டார், மறுபடி காலி. செவ்வாய்க்கிழமை கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் மாறிக் கிள்ளானுக்குப் போய், தெங்கு கெலானா சாலையில் எல்லாவற்றையும் வாங்கி, இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அறுபத்தேழு வயது, முட்டிவலி வேறு.

நிறைந்திருந்த கேஷ் அவருடையது அல்ல, எங்களுடையது. அது நிறைந்திருக்கிறது என்று எங்களுக்கு அலர்ட் வந்துகொண்டே இருந்தது. அந்த அலர்ட்டை வாயடைத்து வைத்தவன் நான்.

தகவலை மெமரியிலேயே வைத்துச் சட்டென்று எடுத்துக் கொடுக்கும் மென்பொருள் ரெடிஸ், எங்கள் கேஷ் அதில்தான். அந்த ரெடிஸ் சர்வரைப் பற்றி நான் அலுவலகத்தில் அடிக்கடி சொல்லும் வசனம் ஒன்று இருந்தது: "கேஷ்னா நிரம்பித்தான் இருக்கும். காலியா இருந்தாத்தான் கவலைப்படணும்." இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. இந்தத் தொழிலில் கொஞ்ச நாள் இருந்த எவரும் சொல்வார்கள். சொல்வது சரியும்கூட. மெமரியைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு அதைப் பாதி காலியாக வைத்திருப்பதில் அர்த்தம் இல்லை. இடம் முடிந்தால் பழையது வெளியேறும், புதியது உள்ளே வரும், தேவைப்பட்டால் டேட்டாபேஸிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இத்தனை சரியான ஒரு வாக்கியம் எப்படி என் பெரியம்மாவைக் கிள்ளானுக்கு ரயிலேற்றியது என்பதுதான் எனக்கு இன்னும் அடங்காத விஷயம்.

மூன்று மணி அலர்ட்

அந்த வசனத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்த வருடம் மே மாதம் விடிகாலை மூன்று மணி வாக்கில் அலர்ட் வரும். சர்வரின் மெமரி 90 சதவீதம் என்று போன் அலறும். எழுந்து லேப்டாப்பைத் திறப்பதற்குள் 60க்கு இறங்கியிருக்கும். இரண்டு வாரம் தூக்கம் கெட்ட பிறகு காரணத்தைப் பிடித்தேன். மூன்று மணிக்குத்தான் டிஸ்க்கில் நகல் எடுக்கும் வேலை நடக்கிறது. ரெடிஸ் அப்போது தன்னையே ஃபோர்க் செய்துகொள்ளும், அதாவது தன்னைப் போலவே ஒரு குழந்தைப் புராசஸை உண்டாக்கும். அது தாயின் மெமரிப் பக்கங்களையே (மெமரியைப் பிரித்து வைத்திருக்கும் துண்டுகள்) பகிர்ந்துகொண்டு டிஸ்க்கில் எழுதும். அந்த நேரத்தில் தாய் எதையாவது மாற்றினால் அந்தப் பக்கம் மட்டும் தனியாக நகலெடுக்கப்படும். பக்கம் 4 கிலோபைட் என்றால் பெரிய செலவில்லை. ஆனால் எங்கள் லினக்ஸில் பெரும்பக்க வசதி திறந்தபடி இருந்தது. அதில் ஒரு பக்கம் 2 மெகாபைட். ஒரு வாடிக்கையாளரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து மாறினாலும் இரண்டு மெகாபைட் நகலாகும். அதை அணைத்தேன். எங்களிடம் இருந்த ரெடிஸ் பதிப்பு ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் 'இதை அணைத்துவிடு' என்று லாகில், அதாவது தன் நடவடிக்கைக் குறிப்பில், எழுதத்தான் செய்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. அணைத்ததும் விடிகாலை அலர்ட் நின்றது. எல்லாரும் என் முதுகைத் தட்டினார்கள்.

அதோடு நான் அலர்ட்டுகளைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. மெமரி அலர்ட் என்றால் ஏதோ உள்விவகாரம், வாடிக்கையாளருக்கு அதில் சம்பந்தமில்லை, ஆற அமரப் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. ஆகஸ்டில் அடுத்த அலர்ட் வந்தது. இந்த முறை மூன்று மணிக்கு அல்ல, நாள் முழுக்க. ரெடிஸுக்கு நாங்கள் கொடுத்திருந்த உச்சவரம்பு 3 ஜிபி, அதில் 80 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. வியாபாரம் வளர்கிறது, தீபாவளி வேறு வருகிறது என்று சொல்லி வரம்பை 6 ஜிபி ஆக்கினோம். மாதத்துக்குக் கொஞ்சம் வெள்ளி கூட. யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. செப்டம்பர் நடுவில் மறுபடி 80. அலர்ட்டின் எல்லையை 90 ஆக்கினேன். 90ஐத் தாண்டியதும் 'தீபாவளி முடியும்வரை' என்று குறிப்பெழுதி அதை ஊமையாக்கினேன். கேஷ்னா நிரம்பித்தான் இருக்கும்.

சுமார் பத்தாம் தேதி வாக்கில் 6 ஜிபியும் முழுக்க நிரம்பியிருக்க வேண்டும். சரியான தேதி கிராஃபில்தான் தெரிந்தது, அதுவும் பிறகுதான்.

தூங்காத கோடு

22ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை ராத்திரி. கீழே பூக்கடையில் மாலை கட்டி முடித்து ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது. தளம் மெதுவாக இருக்கிறது என்று கடைக்காரர்கள் திட்ட ஆரம்பித்திருந்தார்கள். டேட்டாபேஸ் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் மெதுவாக ஓடும் கேள்விகளைத் தேடிக்கொண்டிருந்தேன். குழுவில் சேர்ந்து ஐந்து மாதமே ஆன தங்கச்சி ஒருத்தி, சுங்கை சிப்புட்காரி, என் நாற்காலிக்குப் பின்னால் தே ஓ ஐஸ் பையோடு நின்று ரெடிஸின் மெமரி கிராஃபைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூனிலிருந்து அக்டோபர்வரை ஒரே திரையில் திறந்து வைத்திருந்தேன், ஏன் என்று நினைவில்லை.

"அண்ணே, இது ஏன் தூங்கவே இல்ல?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் பக்கத்து கிராஃபைக் காட்டினாள், அது ஆர்டர் எண்ணிக்கை. மதியம் ஏறி, பின்னிரவு இறங்கி, ஞாயிற்றுக்கிழமை உச்சிக்குப் போய், திங்கள் படுத்து, அலை அலையாக இருந்தது. மனிதர்கள் போட்டது, அப்படித்தான் இருக்கும். மெமரி கிராஃப் ஒரு கோடு. ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரே சாய்வில் ஏறிக்கொண்டே போனது. ராத்திரியும் ஏறியது, பகலும் ஏறியது, மெர்டேக்கா விடுமுறைக்கும் ஏறியது. 6 ஜிபியைத் தொட்டதும் அப்படியே தட்டையாகிவிட்டது. வியாபாரம் வளர்ந்ததால் ஏறிய கோடு என்றால் வியாபாரம் மாதிரி இருக்க வேண்டாமா? இரண்டு மாதமாக அந்தக் கோட்டின் உயரத்தை மட்டுமே நான் பார்த்திருக்கிறேன். அதன் வடிவத்தை அவள் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டாள்.

உள்ளே போய், ரெடிஸின் நிலவரத்தைச் சொல்லும் இன்ஃபோ கட்டளையின் கீஸ்பேஸ் பகுதியைக் கேட்டேன். ஒரே ஒரு வரி வந்தது. மொத்தக் கீகள் (ஒவ்வொரு தகவலையும் ரெடிஸ் வைத்திருக்கும் பெயர்) எத்தனை, அவற்றில் ஆயுள் குறித்தவை எத்தனை என்பவை அதன் முதல் இரண்டு எண்கள். முதல் எண் 46 லட்சத்துச் சொச்சம். இரண்டாவது அறுபதாயிரம். அதாவது, உள்ளே இருந்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் எப்போது போவது என்று யாரும் சொல்லி வைக்காதவை. எங்கள் நிரலில் ஆயுள் இல்லாமல் எந்தக் கீயும் எழுதப்படாது என்று நானே விதி எழுதி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற அவசரத்தில் 'கீஸ்' கட்டளையோடு நட்சத்திரத்தைப் போடக் கை போனது, நல்லவேளை நிறுத்திக்கொண்டேன். ரெடிஸ் கட்டளைகளை ஒரே இழையில் வரிசையாக ஓட்டும். 46 லட்சத்தையும் அது பட்டியலிட்டு முடிக்கும்வரை கடை மொத்தமும் வாசலில் நிற்கும். வேறொரு காலத்தில், வேறொரு வேலையில், அதைச் செய்து பார்த்தவன் நான். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தரும் ஸ்கேன் கட்டளையைப் போட்டு ஒரு கைப்பிடி அள்ளினோம். எல்லாமே விருந்தினர் செஷன்கள், அதாவது உள்நுழையாமல் தளத்தைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் சீட்டு. ஒவ்வொன்றும் சராசரியாக 1,350 பைட். டிடிஎல், அதாவது மிச்ச ஆயுள், கேட்டால் எல்லாவற்றுக்கும் மைனஸ் ஒன்று, ஆயுள் இல்லை என்று பொருள். கடைசியாகத் தொட்டு எத்தனை நாள் என்று கேட்டால் 40, 77, 112.

தங்கச்சி நிரலை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். விருந்தினர் வந்ததும் செஷனை ஒரு நாள் ஆயுளோடு எழுதுகிறோம், அது சரி. ஜூனில் 'சமீபத்தில் பார்த்தவை' என்று ஒரு வசதியைச் சேர்த்தோம். பார்த்த பொருளின் எண்ணைச் செஷனுக்குள் சேர்த்து அதே கீயில் திரும்ப எழுதுவதுதான் அதன் வேலை. எழுதியது வெறும் செட் கட்டளையால். ரெடிஸில் வெறும் செட் போட்டால் மதிப்பு மட்டும் மாறாது, பழைய ஆயுளும் அழிந்துவிடும். பழைய ஆயுளை அப்படியே வைத்துக்கொள் என்று சொல்ல 'கீப் டிடிஎல்' என்ற சொல் 6.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. நாங்கள் அதைப் போடவில்லை. ஒரே பக்கத்தைத் திறப்பதற்குள் சீட்டுக்கு ஒரு நாள் ஆயுள் கொடுத்து, அடுத்த வரியில் சாகாவரமும் கொடுத்துவிட்டோம். அந்த வசதியை எழுதியவர் யார் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒப்புதல் கொடுத்தவன் நான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, நாளொன்றுக்கு முப்பத்தைந்தாயிரம் விருந்தினர் எங்கிருந்து வந்தார்கள்? எங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே விருந்து வைப்போம். அவர்கள் மனிதர்கள் இல்லை. தேடுபொறிகளுக்காகப் பக்கம் பக்கமாகப் படித்துப் போகும் ஊர்வான்களும், விலை ஒப்பிடும் போட்களும், இன்னும் என்னென்னவோ தானியங்கி நிரல்கள். முன்பு வந்தவர்தான் என்று அடையாளம் காண நாங்கள் கொடுக்கும் குறிப்பான குக்கீயை அவை வைத்துக்கொள்வதில்லை. அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புது விருந்தினர், ஒரு புதுச் சீட்டு. அவை தூங்குவதில்லை. கோடு தூங்காததும் அதனால்தான்.

யார் போனார்கள், யார் இருந்தார்கள்

இதுவரை சொன்னது நிரம்பியதன் கதை. நிரம்பினால்தான் என்ன, வெளியேற்றிவிட வேண்டியதுதானே என்று என் பழைய வசனம் கேட்கும். இங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

உச்சவரம்பைத் தொட்டதும் என்ன செய்வது என்பதை ரெடிஸ் நம்மிடம் விட்டுவிடுகிறது. ஒன்றும் சொல்லாவிட்டால் அது எதையும் வெளியேற்றாது. இடமில்லை என்று சொல்லி, புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும். எங்கள் அமைப்புக் கோப்பு பழையது, சர்வருக்குச் சர்வர் நகலாகி வந்தது. அதில் 'வாலட்டைல் எல்ஆர்யூ' என்று எழுதியிருந்தது. 3.0க்கு முந்தைய பதிப்புகளில் அதுதான் இயல்பு அமைப்பு. அதன் பொருள் இது: இடம் முடிந்தால், ஆயுள் குறித்த கீகளில் மட்டும் சிலவற்றைப் பிடித்துப் பார்த்து, அவற்றில் நெடுநேரம் தொடாததை வெளியே தள்ளு. ஆயுள் குறிக்காதவற்றின் மேல் கை வைக்காதே. நல்ல யோசனைதான். ஆயுள் குறிக்காததை யாரோ வேண்டுமென்றே நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள் என்ற மரியாதை அதில் இருக்கிறது.

எங்கள் சர்வரில் ஆயுள் குறித்திருந்தவை எவை? கூடைகள், 14 நாள். உள்நுழைந்தவர்களின் அடையாளச் சீட்டுகள், 30 நாள். பொருட்பட்டியலின் நகல்கள். அவ்வளவுதான். ஆக, ஒவ்வொரு முறை ஒரு போட் வந்து எங்கள் வேட்டி சால்வைப் பக்கத்தை எட்டிப் பார்த்தபோதும், அதற்கு ஒரு நிரந்தர இடம் கொடுக்க, எங்கோ ஒரு மனிதரின் கூடை வெளியே வீசப்பட்டது. சோறு வடிக்கப் போனவரின் கூடை முதலில் போகும், ஏனென்றால் அவர்தான் கொஞ்ச நேரமாக அதைத் தொடவில்லை. ஆளில்லாத 45 லட்சம் சீட்டுகள் சட்டமாக உட்கார்ந்திருந்தன. பொருட்பட்டியலின் நகல்களும் போய்விட்டதால் ஒவ்வொரு பக்கமும் டேட்டாபேஸைத் தட்டியது. தளம் மெதுவானதற்கும் அதுவே காரணம். மீதமிருந்த அறுபதாயிரமும் தீர்ந்திருந்தால் வெளியேற்ற ஆளே இல்லாமல் ரெடிஸ் எழுத மறுத்திருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரம் கடை மூடியிருக்கும்.

இன்ஃபோவின் புள்ளிவிவரப் பகுதியில் இரண்டு எண்கள் இருக்கும். ஆயுள் முடிந்து போன கீகள் எத்தனை, இடமில்லாமல் வெளியேற்றப்பட்டவை எத்தனை. முதலாவது தானாகக் கிளம்பியவர்களின் கணக்கு, இரண்டாவது கழுத்தைப் பிடித்துத் தள்ளியவர்களின் கணக்கு. இரண்டாவது எண் அன்றைக்கு ஆறு இலக்கத்தில் இருந்தது. நாங்கள் அலர்ட் வைத்திருந்ததோ மெமரி எத்தனை சதவீதம் என்பதற்கு மட்டும். வாடிக்கையாளர் சேவை வாட்சாப்பில் அந்தப் பன்னிரண்டு நாளில் 'கூடை காலி' என்று வந்திருந்த செய்திகளை அன்றிரவு எண்ணினோம், முப்பத்தொன்று. எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போயிருந்தது, கேஷை அழித்துப் பாருங்கள் என்று. அந்தப் பதிலை அச்சாக எழுதிக் கொடுத்ததும் நான்தான், முந்தைய வருடம் வேறு ஏதோ பிரச்சினைக்கு.

"அண்ணே, கேஷை அழிக்கச் சொன்னது தப்பில்ல, யாரோட கேஷ்னு சொல்லல" என்றாள் தங்கச்சி. சிரிப்பதா என்று தெரியாமல் இருவரும் சிரித்தோம்.

துடைக்கும் வேலை சுவாரசியமானது அல்ல, சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் நிரலைத் திருத்தி ஏற்றினோம். பிறகு ஸ்கேன் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து, இரண்டு நாளுக்கு மேல் தொடாத விருந்தினர் சீட்டுகளை அன்லிங்க் கட்டளையால் நீக்கினோம். மற்றவற்றுக்கு ஒரு நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் ஏதோ ஒரு நேரத்தில் முடியும்படி ஆயுள் வைத்தோம். எல்லாம் ஒரே நொடியில் சாகாமலிருக்கத்தான் அந்த 'ஏதோ ஒரு நேரம்'. விடிகாலை நான்கு மணிக்கு ரெடிஸின் சொந்தக் கணக்கில் மெமரி அரை ஜிபிக்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் இயங்குதளத்தின் கணக்கில் இன்னும் மூன்று ஜிபிக்குக் குறையவில்லை. தங்கச்சி பதறினாள். அழித்ததெல்லாம் எங்கே போச்சு? எங்கும் போகவில்லை. உள்ளே அறைகள் காலி, ஆனால் ஒவ்வொரு மெமரிப் பக்கத்திலும் ஒன்றிரண்டு பேர் மிச்சமிருப்பதால் பக்கத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இயங்குதளத்தின் கணக்கு ரெடிஸின் கணக்கைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் சிதறல் விகிதம் ஆறைத் தாண்டி இருந்தது. சிதறலைச் சேர்த்தடுக்கும் அமைப்பைத் திறந்துவிட்டு, முன்னால் இருக்கும் மாமாக் கடைக்கு இறங்கினோம். ரொட்டி சானாய் சாப்பிட்டு வருவதற்குள் பாதி இறங்கியிருந்தது.

அடுத்த வாரத்துக்குள் சர்வரையும் இரண்டாகப் பிரித்தோம். கூடைகளும் அடையாளச் சீட்டுகளும் ஒன்றில். அது யாரையும் வெளியேற்றாது, நிரம்பினால் எங்களை எழுப்பும். பொருட்பட்டியல் நகல்களும் விருந்தினர் சீட்டுகளும் இன்னொன்றில். அது நிரம்பியே இருக்கட்டும், யாரை வேண்டுமானாலும் தள்ளட்டும். என் வசனம் அந்த இரண்டாவதற்கு இன்றும் பொருந்தும். கூடை என்பது கேஷ் அல்ல, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேறு இடம் இல்லை. ஒரு மனிதர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிச் சேர்த்தது. ஒரே பாத்திரத்தில் இரண்டையும் போட்டுவிட்டு அதற்குக் கேஷ் என்று பெயர் வைத்ததால், வாயில் எப்போதும் அந்த வசனமே வந்தது. ஊமையாக்கிய அலர்ட்டையும் மறுபடி பேசவைத்தேன். கூடவே வெளியேற்றப்பட்டவர் எண்ணிக்கைக்கும், ஆயுள் இல்லாத கீகளின் எண்ணிக்கைக்கும் புதிதாக இரண்டு வைத்தோம். தங்கச்சி மூன்றாவதாக ஒன்று கேட்டாள், கோடு ராத்திரியில் இறங்காவிட்டால் சொல்ல வேண்டும் என்று. அதை எப்படி எழுதுவது என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

31ஆம் தேதி தீபாவளியன்று காலை செந்தூலுக்குப் போனேன். கிள்ளானில் வாங்கிய அச்சில் பிழிந்த முறுக்கை ஒரு டப்பா நிறையப் பெரியம்மா என் மடியில் வைத்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். போட், ஆயுள் என்று ஆரம்பித்ததுமே அவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வந்து போனை நீட்டினார். முந்தைய சனிக்கிழமை 'சரியாயிடுச்சு, பாருங்க பெரியம்மா' என்று நான் அனுப்பிய செய்தியை நம்பி மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார். முறுக்கு அச்சு ஒன்று, பித்தளை விளக்கு இரண்டு, மாவு மூன்று கிலோ. ஐந்து நாளாக அப்படியே இருந்தது.

"எல்லாம் வாங்கிட்டேனே, இனிமே எதுக்கு? இத எப்படி எடுக்கிறது?"

"விடுங்க பெரியம்மா, இன்னும் ஒன்பது நாள்ல அதுவே போயிடும்."

"நெசமாவா?" என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டு, போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.